பதினாறுல இருக்குற அந்த ஒண்ணு: ஒரு ரெண்டாம் வகுப்புல இடமதிப்பு, நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது ஒரு ரெண்டாம் வகுப்புல பதினாலு வாரமா நடந்தது. கணக்கு டீச்சர் நான்தான். 28 பிள்ளைங்க, ஏழு ஏழரை வயசு. யார் பேரையும் எழுதல, அதிகமா வரப்போறது ஒரு பையன், நடுவுல ஒரு பொண்ணு, அவ்வளவுதான்.

முந்தின வருஷமே இவங்களுக்கு 99 வரைக்கும் எழுதப் படிக்க, பத்துகள் ஒன்றுகள் கட்டம் நிரப்ப எல்லாம் நல்லா பழக்கியிருந்தாங்க. வருஷ ஆரம்பத்துல நான் ஒரு ஒர்க்‌ஷீட் வெச்சேன், 47ன்னு இருக்கும், பத்து எத்தனை ஒன்று எத்தனைன்னு கேட்டிருக்கும், 28 பேர்ல 25 பேர் தப்பில்லாம எழுதிட்டாங்க. சரி இடமதிப்பு, அதாவது இலக்கம் நிக்கிற இடத்தை வெச்சு அதோட மதிப்பு மாறுறது, வந்துடுச்சுன்னு நெனச்சு நேரா ரெண்டிலக்கக் கூட்டலுக்குப் போயிட்டேன். அந்த இடத்துலதான் தப்பு பண்ணேன், அது தப்புன்னு புரியவே மூணு வாரம் போயிடுச்சு.

முதல்ல கண்ல பட்டது

மூணாவது வாரம் 38 கூட்டல் 25க்கு அந்தப் பையன் 513ன்னு எழுதியிருந்தான். மூணும் ரெண்டும் அஞ்சு, எட்டும் அஞ்சும் பதிமூணு, பக்கத்துல பக்கத்துல எழுதிட்டான், எல்லா டீச்சரும் பார்த்திருக்கிற தப்புதான். நான் வழக்கமா சிவப்பு பேனாவால திருத்திட்டு அடுத்த நோட்டுக்குப் போயிருப்பேன், அன்னைக்கு என்னமோ அவனைக் கூப்பிட்டு உட்காரவெச்சு விடையைப் படிக்கச் சொன்னேன். "ஐநூத்தி பதிமூணு"ன்னு தயங்காம படிச்சான். 38 குச்சி ஒரு பக்கம், 25 குச்சி ஒரு பக்கம் இருந்தா சேர்த்து நூறு வருமான்னு கேட்டேன். "வராது டீச்சர், அறுபதுகிட்ட வரும்"ன்னான். அப்ப இது என்னப்பா ஐநூறுன்னு நோட்டைக் காட்டினா, "அது குச்சி டீச்சர், இது கணக்கு"ன்னு சொன்னான்.

அந்த பதில் என்னை ரெண்டு நாள் தூங்க விடல. அவனுக்கு எண் தெரியாம இல்ல, அறுபதுகிட்ட வரும்னு மனசுலயே கணிக்கிற பையன். ஆனா நோட்டுல எழுதுற இலக்கத்துக்கும் கையில இருக்குற அளவுக்கும் சம்பந்தம் இருக்குன்னு அவனுக்கு யாரும் காட்டல, நானும் காட்டல.

அதே வாரம் பாடத்துல இன்னும் வராத மூணிலக்க எண்களையும் சேர்த்து சும்மா சொல்லி எழுதச் சொல்லிப் பார்த்தேன். நூத்தி அஞ்சை 1005ன்னு நிறைய பேர் எழுதினாங்க. இருநூத்தி அம்பத்தி மூணை ஒருத்தர் 20053ன்னும் இன்னொருத்தர் 200503ன்னும் எழுதினாங்க. வாயில வர்ற வரிசையிலேயே எழுதுறாங்க. யோசிச்சா இது முட்டாள்தனமே இல்ல, நம்ம பழைய தமிழ் எண் எழுத்துல 253ஐ ௨௱௫௰௩ன்னுதான் எழுதினாங்க, ரெண்டு நூறு அஞ்சு பத்து மூணு, நூறுக்கும் பத்துக்கும் தனித்தனி குறி, பூஜ்யத்துக்கு அங்க வேலையே இல்ல. சொல்ற மாதிரியே எழுதுறதுதான் மனுஷனுக்கு முதல்ல தோணுது போல. இடத்தை வெச்சு மதிப்பைச் சொல்றது அதுக்கு மேல ஒரு படி, அதை ஏழு வயசுல ஒரு கட்டத்தை நிரப்பி ஏறிட முடியும்னு நாம எதிர்பார்க்கிறோம்.

பதினாறு பட்டன்

எல்லாரையும் தனித்தனியா பார்க்கணும்னு முடிவு பண்ணேன். பிள்ளைங்க கணக்கை எப்படிக் கத்துக்கிறாங்கன்னு ஆராய்ஞ்ச கான்ஸ்டன்ஸ் காமி 1980கள்ல எழுதி நிறைய டீச்சருங்களுக்குத் தெரிஞ்ச ஒரு சின்ன சோதனை இருக்கு, அதையே எடுத்துக்கிட்டேன். 16 பட்டனை எண்ணச் சொல்லணும், 16ன்னு எழுதச் சொல்லணும், அப்புறம் 6ஐ வட்டம் போட்டு இது எந்தப் பட்டன் காட்டுன்னு கேக்கணும், அடுத்து 1ஐ வட்டம் போட்டு இது எந்தப் பட்டன்னு கேக்கணும். ஒரு பிள்ளைக்கு நாலு நிமிஷம் ஆகும், விளையாட்டு நேரத்துல கொஞ்சம் காலையில கொஞ்சம்னு எட்டு நாள்ல முடிச்சேன்.

6க்கு எல்லாரும் ஆறு பட்டன் காட்டினாங்க. 1க்கு 19 பேர் ஒரே ஒரு பட்டனைத்தான் காட்டினாங்க. அந்தப் பையனும் அதைத்தான் பண்ணான். மீதி ஒம்பது பட்டன் நடுவுல அநாதையா கெடக்கு, இது எதுலடா கண்ணா சேரும்னு கேட்டா "இது சும்மா இருக்கு டீச்சர்"ன்னான். இதுல என்னை உலுக்கினது என்னன்னா, அந்த 19 பேர்ல 16 பேர் ஒர்க்‌ஷீட்ல 47க்கு நாலு பத்து ஏழு ஒன்றுன்னு சரியா எழுதினவங்க. அவங்களுக்கு "பத்து"ங்கிறது இடது பக்கக் கட்டத்தோட பேரு, அவ்வளவுதான், பத்து எண்ணிக்கை கிடையாது. இடது கட்டத்துல இடது இலக்கத்தை எழுதினா மார்க் கிடைக்கும், அதை அழகா கத்துக்கிட்டிருக்காங்க.

தொண்ணூறுங்கிற சொல்

இன்னொன்னும் கவனிச்சேன், இது நம்ம மொழியோட எண் பேருல இருந்தே வர்ற சிக்கல்ங்கிறதால தனியா எழுதுறேன். இருபது முப்பதுல இருந்து எம்பது வரைக்கும் சொல்லுக்கு உள்ளேயே பத்து இருக்கு, இரு பது, முப் பது, கேட்டாலே தெரியும், பிள்ளைங்களுக்கு அது பெரிய உதவி. தொண்ணூறு வந்ததும் "பது" காணாம போய் "நூறு" வந்துடுது. எண்ணூறுன்னா எட்டு நூறு, அப்ப தொண்ணூறுன்னா ஒம்பது நூறுதானேன்னு ஒரு பிள்ளை நெனச்சா அதுல என்ன குத்தம் இருக்கு? அந்தப் பையன் தொண்ணூத்தி மூணை 903ன்னு எழுதினான், இன்னும் ரெண்டு பேர் 103ன்னு எழுதினாங்க, "நூத்தி மூணு"ன்னு காதுல விழுந்த பகுதியை மட்டும் பிடிச்சுக்கிட்டாங்க. ஒம்பதுல "பது" இருக்கு, தொண்ணூறுல நூறு இருக்கு, தொள்ளாயிரத்துல ஆயிரம் இருக்கு, மூணுமே ஒரு படி மேல இருக்குற பேரைத் தாங்கி நிக்குது. இத்தனை வருஷம் பாடம் எடுத்தும் நான் இதை கவனிக்கல, பிள்ளைங்க எழுதின தப்புதான் எனக்குக் காட்டுச்சு. 90க்கு மேல மட்டும் தப்பு பண்ற பிள்ளையையும் எல்லா எண்ணுலயும் தப்பு பண்ற பிள்ளையையும் ஒரே மாதிரி பார்க்கக்கூடாதுன்னு அன்னைக்கே குறிச்சு வெச்சேன்.

முதல் முடிவு, அது ஏன் பலிக்கல

கூட்டலை நிறுத்தினேன். பாடம் பின்தங்கும்னு தெரியும், தலைமை ஆசிரியர்கிட்ட 16 பட்டன் சோதனையைக் காட்டித்தான் அனுமதி வாங்கினேன். அவங்களும் ரெண்டு பிள்ளைங்களைக் கூப்பிட்டு தானே கேட்டுப் பார்த்துட்டு சரி பண்ணுங்கன்னு சொன்னாங்க.

அடுத்து செஞ்சதுல மறுபடி தப்பு பண்ணேன். நேரம் மிச்சம் பண்ணலாம்னு ராத்திரி உட்கார்ந்து நானே நூத்துக்கணக்குல குச்சி எண்ணி பத்துப் பத்தா சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டு கட்டு கட்டி கொண்டுபோனேன். ஒரு வாரம் நல்லாதான் போச்சு, 43ன்னா நாலு கட்டு மூணு குச்சி எடுத்து வெச்சாங்க. அப்புறம் ஒருநாள் சிவப்பு ரப்பர் தீர்ந்துபோய் நீல ரப்பர்ல ஒரு கட்டு போட்டேன். அந்தப் பையன் அதைக் கையில எடுத்துப் பார்த்துட்டு "இது பத்து இல்ல டீச்சர், பத்துன்னா சிவப்பு"ன்னு திருப்பிக் கொடுத்துட்டான். சுத்தி இருந்த மூணு நாலு பேரும் ஆமாம்னு தலையாட்டினாங்க. கட்டுக்குள்ள பத்து குச்சி இருக்குன்னு நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், அவங்க யாரும் எண்ணிப் பார்க்கல, எண்ண வேண்டிய தேவையே வரல, ஏன்னா எண்ணினது நான். இடது கட்டம் பத்துன்னு இருந்தது இப்ப சிவப்பு பத்துன்னு மாறியிருக்கு, வேற ஒண்ணும் நடக்கல.

இடமதிப்பு சொல்லித்தர்றதுக்குன்னே இருக்குற டீன்ஸ் பிளாக்கும் எங்ககிட்ட ஒரு பெட்டி இருந்துச்சு, ஒண்ணுக்கு ஒரு சின்ன கனசதுரம், பத்துக்கு பத்து கனசதுரம் ஒட்டின மாதிரி ஒரே நீளக் கம்பியா வரும். அதை ஏன் முதல்ல எடுக்கலன்னு ஒரு டீச்சர் கேட்டாங்க. அந்தக் கம்பியைப் பிரிக்க முடியாது, பத்து ஒன்றைக் கொடுத்துட்டு மாத்தி வாங்கத்தான் முடியும், அது பத்தேதான்னு பிள்ளை நம்பணும். தானே கட்டி தானே பிரிச்ச அனுபவம் இருக்குற பிள்ளைக்கு அந்த நம்பிக்கை வரும், இல்லாத பிள்ளைக்கு அது ஒரு நீளமான கட்டைதான். அதனால பெட்டியைப் பின்னாடி வெச்சேன், அந்த முடிவுல எனக்கு இப்பவும் மாற்றுக் கருத்து இல்ல.

ரெண்டாவது முடிவு: கட்டுறதும் பிரிக்கிறதும் அவங்க வேலை

ஆறாவது வாரத்துல இருந்து நான் எதையும் கட்டல. ரெண்டு ரெண்டு பேரா உட்காரவெச்சு ஒரு குவியல் குச்சியைக் கொட்டி, எத்தனை இருக்குன்னு முதல்ல குத்துமதிப்பா சொல்லணும், அப்புறம் எண்ணணும், நான் நடுவுல வந்து பேச்சுக் கொடுத்து வேணும்னே எண்ணிக்கையைக் குழப்புவேன். ஒண்ணு ஒண்ணா எண்ணினவங்க திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிக்க வேண்டியதா போச்சு. மூணாவது நாளே ஒரு ஜோடி பத்துப் பத்தா தள்ளி வைக்க ஆரம்பிச்சாங்க, அதைப் பார்த்து மத்தவங்களும் பிடிச்சுக்கிட்டாங்க. கட்டணும்னு நான் சொல்லாமலே கட்டுறதுக்கு ஒரு காரணம் அவங்களுக்குக் கிடைச்சுடுச்சு, எனக்கு வேண்டியது அதுதான். ரப்பர் பேண்ட் என்ன நிறம்னாலும் போட்டுக்கலாம்னு எல்லா நிறத்தையும் கலந்து வெச்சேன்.

அடுத்த ஜோடி கட்டின கட்டை வாங்கி சரிபார்க்கணும்ங்கிறதும் ஒரு விதி. ஒம்பது இருக்கும், பதினொண்ணு இருக்கும், சண்டை வரும், பிரிச்சு எண்ணி திரும்பக் கட்டுவாங்க. அந்தச் சண்டைதான் உண்மையான பாடம்னு நெனக்கிறேன், ஒம்பது குச்சிக் கட்டை பத்துன்னு சொன்னா கடைசி எண்ணிக்கை தப்பா வருதுன்னு அவங்களே கண்டுபிடிச்சாங்க.

எழுதுறது இல்லாமலே ரெண்டு வாரம் போச்சு. நோட்டுல ஒண்ணுமே இல்லையேன்னு வீட்டுல இருந்து கேள்வி வந்துச்சு. அந்தப் பையனோட அம்மா வந்து, வீட்டுல நான் சொல்லித்தர்றேன் மிஸ், மூணு போட்டு கையில ஒண்ணுன்னு சொன்னா போட்டுடுறான்னாங்க. அவங்க அக்கறையில சொல்றாங்க, நானும் அப்படித்தான் படிச்சேன். கையில இருக்குற அந்த ஒண்ணு என்ன ஒண்ணுன்னு அவனுக்குத் தெரியறவரை ஒரு மாசம் மட்டும் பொறுத்துக்கங்கன்னு கேட்டுக்கிட்டேன், பட்டன் சோதனையை அவங்க முன்னாடியே செஞ்சு காட்டினேன். அவன் ஒரு பட்டனைக் காட்டினதும் அவங்களுக்கே புரிஞ்சுடுச்சு, அதுக்கப்புறம் வீட்டுலயும் குச்சிதான்.

கட்டு வேற, இடம் வேற

எட்டாவது வாரம் ஒரு விஷயம் தெரிஞ்சுது, இதை எழுதத்தான் முக்கியமா உட்கார்ந்தேன். நாலு கட்டும் மூணு குச்சியும் வெச்சிருக்கு. நான் கட்டை வலது பக்கம் மாத்தி, குச்சியை இடது பக்கம் வெச்சு, இப்ப எத்தனைன்னு கேட்டேன். 43ன்னாங்க, சரிதான், குச்சியை எங்க வெச்சாலும் 43தான். அப்ப எழுதுங்கன்னா பாதிப் பேர் 34ன்னு எழுதினாங்க, கண்ல பட்ட வரிசையில.

கட்டுல பத்து உள்ளேயே இருக்கு, அதுக்கு இடம் தேவையில்ல. இலக்கத்துல பத்து உள்ள இல்ல, 4ங்கிற எழுத்து எங்க நின்னாலும் பார்க்க ஒரே மாதிரிதான், நிக்கிற இடம்தான் அதை நாப்பது ஆக்குது. ரெண்டு வாரமா நான் குச்சி வெச்சு சொல்லிக்கொடுத்தது பத்தாச் சேர்க்கிறதை, இடமதிப்புல அது ஒரு பாதி. இடம்ங்கிற மீதிப் பாதியை நான் தொடவே இல்ல.

அதனால நடுவுல ஒரு படி சேர்த்தேன். தரையில ரெண்டு பத்தி வரைஞ்சு, எல்லாமே ஒரே நிற, ஒரே அளவு பட்டன். வலது பத்தியில பட்டன் ஒண்ணுன்னா ஒண்ணு, இடது பத்தியில அதே பட்டன் ஒரு கட்டுக்குச் சமம். இடது பக்கம் ஒரு பட்டன் வைக்கணும்னா கையில கட்டின ஒரு கட்டைக் காட்டணும். ஒரே பட்டனை வலதுல இருந்து இடதுக்கு நகர்த்தி "இப்ப எவ்வளவு ஏறுச்சு?"ன்னு கேப்பேன். ஒம்பது ஏறுச்சுன்னு அந்தப் பொண்ணு ஒருநாள் சொன்னா, நான் எதிர்பார்த்த பதில் "பத்தாச்சு"தான், அவ அதுக்கும் மேல போயிட்டா. மணிச்சட்டத்தையும் இந்தக் கட்டத்துலதான் வெளியில எடுத்தேன், அதுவும் இதே வேலையைத்தான் செய்யுது, முன்னாடியே எடுத்திருந்தா வெறும் மணி எண்ணுற விளையாட்டா போயிருக்கும்.

அதோட சேர்த்து அட்டை. 40ன்னு ஒரு நீள அட்டை, 3ன்னு ஒரு குட்டை அட்டை, பூஜ்யத்து மேல 3ஐ அடுக்கினா 43, தூக்கினா உள்ள 40 ஒளிஞ்சிருக்கு. 1005 எழுதின பிள்ளைங்களுக்கு இது ரொம்ப உதவுச்சு, அவங்க எழுதினது தப்பான எண் இல்ல, அடுக்காம பக்கத்துல வெச்ச எண்ணுன்னு சொல்ல முடிஞ்சுது. 100 அட்டை மேல 5ஐ வெச்சதும் நடுவுல ஒரு பூஜ்யம் மிச்சம் நிக்குதே, அது ஏன் நிக்குதுன்னு அவங்களே பேசிக்கிட்டாங்க, "பத்தோட கட்டு ஒண்ணும் தனியா இல்லன்னு சொல்லுது"ன்னு ஒருத்தர் சொன்னதை அப்படியே போர்டுல எழுதி வெச்சேன். தொண்ணூறுக்கு 90 அட்டையைக் காட்டி ஒம்பது கட்டுன்னு ஒரு பேரும் தொண்ணூறுன்னு ஒரு பேரும் சேர்த்தே சொல்லப் பழக்கினேன், இருபதை ரெண்டு பத்துன்னும் சொல்லுவோம், ரெண்டு பேரும் ஒரே ஆளுக்குத்தான்.

கூட்டலும் கழித்தலும் திரும்ப வந்தப்ப

பத்தாவது வாரம் கூட்டலுக்கு வந்தோம். 38, 25. எட்டும் அஞ்சும் பதிமூணு குச்சி சேர்ந்ததும் கேக்காமலே கட்டிட்டாங்க, புத்தகத்துல இனமாற்றம்னு போட்டிருக்குறது கையில தானா நடந்துடுச்சு. கழித்தல் அவ்வளவு லேசா போகல. 52ல 17 எடுக்கணும்னா நோட்டுல பெரிய இலக்கத்துல இருந்து சின்ன இலக்கத்தைக் கழிச்சு 45ன்னு எழுதிடுறாங்க. பழக்கத்துல நானும் பக்கத்துல கடன் வாங்குன்னு சொல்லிட்டேன், ஒரு பிள்ளை "எப்ப திருப்பிக் கொடுக்கணும் டீச்சர்?"னு கேட்டுச்சு. நியாயமான கேள்வி, திருப்பிக் கொடுக்காதது எப்படி கடனாகும். அன்னையில இருந்து அந்தச் சொல்லை விட்டுட்டு கட்டைப் பிரிக்கிறதுன்னே சொல்றேன்.

அந்தப் பையன் அஞ்சு கட்டும் ரெண்டு குச்சியும் முன்னாடி வெச்சுக்கிட்டு ஒரு கட்டை எடுத்துத் தனியா வெச்சான், ஏழு எடுக்கணும், ரெண்டுதான் இருக்கு, ரொம்ப நேரம் அப்படியே பார்த்துக்கிட்டே இருந்தான், நான் வாயைத் திறக்கல, அது எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் "டீச்சர் இதைப் பிரிக்கட்டா?"ன்னு கேட்டுட்டு என் பதிலுக்குக் காத்திருக்காம ரப்பரைக் கழட்டிட்டான். 35.

என்ன ஆச்சு

பதினாலாவது வாரம் பட்டன் சோதனையைத் திரும்ப வெச்சேன், இந்தத் தடவை 16க்குப் பதிலா 24, மனப்பாடமா சொல்லிடக் கூடாதுன்னு. 28 பேர்ல 23 பேர் 2க்கு இருபது பட்டன் காட்டினாங்க. அந்தப் பையனும் காட்டினான், காட்டிட்டு "இது ரெண்டு கட்டு, ஆனா கட்டல"ன்னான். மூணு பேர் ரெண்டு பட்டன் காட்டிட்டு தாங்களே மாத்திக்கிட்டாங்க. ரெண்டு பேருக்கு இன்னும் வரல. அதுல ஒரு பிள்ளைக்கு இருபதுக்கு மேல எண்ணுறதே தடுமாறுது, அந்தப் பிள்ளையை நான் முதல்லயே எண்ணுறதுல உட்கார வெச்சிருக்கணும், எல்லாரோடயும் சேர்த்துக் கட்டு கட்ட வெச்சது அந்தப் பிள்ளைக்குப் பண்ண அநியாயம்.

பாடத்துல நாங்க ஏறக்குறைய நாலு வாரம் பின்தங்கினோம். மூணிலக்கக் கூட்டல் வந்தப்ப அதுல பெரும்பகுதி திரும்பக் கிடைச்சுது, பத்துக் கட்டைச் சேர்த்து பெருங்கட்டுன்னு அவங்களே பேர் வெச்சு நூறுக்குப் போயிட்டாங்க. நேரமின்மையால வடிவியல் பாடம் மட்டும் அவசரமா முடிஞ்சுது, அது ஒரு இழப்புதான்.

அடுத்த தடவை மாத்திக்கப் போறது

16 பட்டன் சோதனையை வருஷத்தோட முதல் வாரத்துலேயே வைப்பேன், ஒர்க்‌ஷீட்டைப் பார்த்து முடிவெடுக்க மாட்டேன். நானா கட்டி எடுத்துட்டுப் போக மாட்டேன். தரையில ரெண்டு பத்தி வரைஞ்சு பட்டன் வெச்ச அந்தப் படியை எட்டாவது வாரம் வரைக்கும் தள்ளிப்போடாம, கட்டு கட்டத் தெரிஞ்சவுடனே, ஒருவேளை நாலாவது வாரத்துலேயே கொண்டுவருவேன், கட்டு தெரிஞ்சா இடமும் தெரியும்னு நான் நெனச்சதுதான் இந்த முயற்சியிலேயே அதிக நாளை வீணாக்குச்சு. தொண்ணூறு, தொள்ளாயிரம் ரெண்டுக்கும் தனியா ஒரு நாள் ஒதுக்குவேன்.

முந்தின வகுப்பு டீச்சர்கிட்டயும் பேசினேன், குறை சொல்ல இல்ல, அவங்க கொடுத்த கட்டத்தைப் பிள்ளைங்க எவ்வளவு சரியா நிரப்பினாங்கன்னும் 1க்கு எந்தப் பட்டனைக் காட்டினாங்கன்னும் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினேன். அவங்க கொஞ்ச நேரம் பார்த்துட்டு, அந்தப் பட்டன் டப்பாவை ரெண்டு நாளைக்குக் கொடுங்கன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க.